அரை டிக்கெட்

மாரண்டஹள்ளி
27.6.2025

பிரியதர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் அதையும் விசாரணை என்பாய்.

பெங்களூரு ஏர்போர்ட் வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க போன்ல பேசறதில்லப்பா, செக்கிங் பண்றீங்க. ஆறு வாரத்துக்கு எனக்குப் போன் போடாதீங்க. எதுனா கேக்கணும்னா எழுதி அனுப்புங்க."

சரி, எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அப்புறம் ஒரு பக்கத்துக்கு மேல் நான் எதையும் எழுதியதில்லை. பஸ்ஸில் எழுதுவதெல்லாம் எந்த ஸ்டாப்பில் எத்தனை தலை என்கிற தாள்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். உங்கம்மா தினமும் உன்னோடு பேசும்போது நான் பக்கத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

உன் கோபம் நியாயம்தான். அந்த எடின்பரோ காலேஜ் ஆபீசுக்கு நான் போன் போட்டிருக்கக் கூடாது. ஆனால் என் நிலைமையையும் பார். வெளிநாட்டுக் காலேஜில் ஆறு வாரப் படிப்பு; விமானமும் அவனே ஏற்றுகிறான், சோறும் அவனே போடுகிறான் என்றால் ஒரு பஸ் கண்டக்டருக்கு என்ன தோன்றும்? எங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவானோ என்றுதான் தோன்றும். "யுவர் கோர்ஸ் ஜெனியூன்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். போனை எடுத்த அம்மா மூன்று நிமிஷம் பதில் சொன்னார். அதில் எனக்கு 'யெஸ்' மட்டும் புரிந்தது. போதும் என்று வைத்துவிட்டேன். அதை அவர் உன் காலேஜுக்கு எழுதுவார், உன் புரபசர் வகுப்பில் படித்துக் காட்டுவார் என்று நான் கண்டேனா?

இப்போது எனக்குச் சில சந்தேகங்கள். கோபப்படாமல் பதில் எழுது.

நீ அனுப்பிய முதல் போட்டோவில் பத்தொன்பது தலை. அடுத்ததில் பதினெட்டு. ஒரு ஆள் நடுவழியில் இறங்கிவிட்டான். யார், ஏன்?

ராத்திரி ஒன்பதரைக்கு அங்கே வெயில் அடிக்கிறது என்று உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் நம்பிவிட்டாள். நான் எங்கள் டிரைவர் பக்ருதீன் பாயிடம் கேட்டேன். "மச்சான் துபாய்ல இருக்கான், விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக, காலையில் வகுப்பு, மதியம் ஊர் சுற்றல், அதற்குப் பேர் படிப்பு என்கிறாய். கதை எழுதினவர்கள் குடியிருந்த தெரு, குடித்த கடை, அவர்களுக்கு வைத்த சிலை. ஒரு ஊரையே திரும்பத் திரும்பச் சுற்றினால் பட்டம் கொடுப்பார்கள் என்றால் பாலக்கோட்டில் எனக்கு இந்நேரம் டாக்டர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

அப்பா,
சென்னப்பன்

*

எடின்பரோ
1.7.2025

அப்பாவுக்கு,

பத்தொன்பதாவது ஆள்தான் இரண்டாவது போட்டோவை எடுத்தது. அவள் பெயர் தெரசா, கோட்டயத்துப் பெண், என் அறையில் இருக்கிறாள். யாரும் எங்கும் இறங்கவில்லை.

வெயில் நிஜம். இந்தக் கடிதத்தை மாலை ஒன்பது மணிக்கு விளக்குப் போடாமல் எழுதுகிறேன். மாலை என்றா ராத்திரி என்றா எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் அழகாக இருக்கிறது. கருத்த கல் வீடுகள், மலை மேல் கோட்டை, எங்கே போனாலும் ஏற்றம் இறக்கம். திடீரென்று மழை, திடீரென்று வெயில். ஒவ்வொரு சந்திலும் யாரோ எழுதின ஒரு வரியைக் கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். கால் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இங்கே சுற்றுவது மட்டும் படிப்பில்லை. மூன்றாம் வாரத்துக்குள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒன்று இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சரசரவென்று எழுதுகிறார்கள். நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆசிரியை ஹெலன் "சுத்தமாக இருக்கிறது" என்றார். பாத்திரத்தைச் சொல்வது மாதிரி. அது பாராட்டு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

நீங்கள் போன் போட்டதற்காக நான் கோபப்படவில்லை. நான் பொய் சொல்கிறேனா இல்லையா என்று என்னிடம் கேட்காமல், முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் கேட்டீர்களே, அதற்குத்தான். பிளஸ் டூவில் ஸ்பெஷல் கிளாஸ் உண்டா என்று வாட்ச்மேனிடம் கேட்டதும் நீங்கள்தான். அதனால் இந்தத் தடவை கேள்வி என்னுடையது. உங்கள் சந்தேகம் ஒரு தடவையாவது தப்பாகப் போயிருக்கிறதா? ஜோக் அடித்துத் தப்பிக்காமல் எழுதுங்கள்.

பிரியா

*

மாரண்டஹள்ளி
5.7.2025

பிரியாவுக்கு,

பக்ருதீன் பாயின் மச்சான் விசாரித்துவிட்டார். வெயில் உண்மையாம். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். டிக்கெட் எடுக்காமல் இருப்பதற்காகத் தூங்குகிறவர்களை நான் முகம் பார்த்தே பிடித்துவிடுவேன். நிஜத் தூக்கம் என்றால் பிரேக் போடும்போது தலை முன்னால் போகும், வாய் திறக்கும். பொய்த் தூக்கத்தில் கழுத்து விறைப்பாக பிரேக்குக்குத் தயாராக இருக்கும். ஒருமுறை பென்னாகரத்து ஆள் ஒருவர் அப்படிச் சாய்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்று, டிரைவரைப் பார்த்து, "பாய், என்ன பிரேக்கே புடிக்கல?" என்று சத்தமாகக் கேட்டேன். எழுந்து முன் கதவுக்கே போய்விட்டார். இந்தப் பெருமையை உங்களுக்கெல்லாம் நூறு தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பெருமையில்தான் தப்பாகப் போனது.

2007, ஆடி மாசம். பகல் இரண்டு மணிக்கு தருமபுரியிலிருந்து திரும்பும் டிரிப். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் ஒரு அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மடியில் பையன். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். கால் மட்டும் வெளியே நீளமாகத் தொங்கியது. அந்த அம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். பொய்த் தூக்கம்.

"ஏம்மா, பையனுக்கு எத்தன வயசு?"

"தூங்குதுங்க."

"வயசக் கேட்டேன்."

எங்கள் கம்பெனியில் அஞ்சு வயசுக்குள் என்றால் டிக்கெட் கிடையாது, தாண்டினால் அரை. எங்கள் வண்டியில் அளந்து பார்க்க வாசல் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தோம். "அரை டிக்கெட்டுன்னா எல்லாப் புள்ளைக்கும் தூக்கம் வந்துருது. எழுப்பி நிறுத்தும்மா, கம்பிகிட்ட அளந்துடலாம்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அந்த அம்மா பையனை இன்னும் இறுக்கிக்கொண்டு, "அரை குடுத்துருங்க" என்றார். கிழித்துக் கொடுத்தேன்.

மூணாம் மைல் ஸ்டாப்பில் இறங்கினார். பிள்ளையோடு இறங்குகிறவர்களிடம் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவர்கள் கீழே கால் வைத்ததும் நீட்டுவது எங்கள் வழக்கம். கேட்டுச் செய்வதில்லை, கை தானாகப் போகும். போனது. தூங்குகிற பிள்ளை கை மாறும்போது ஒருமுறை முனகும், சட்டையைப் பிடிக்கும். இது பிடிக்கவில்லை. தலை என் கை மேல் விழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்த அம்மா கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கொடுத்தேன். விசில் ஊதினேன். பின்னால் வேறு கம்பெனி வண்டி வந்துகொண்டிருந்தது, நாங்கள் ஏற்கெனவே லேட்.

ஒரு வாரம் கழித்து அந்த ஸ்டாப்காரர்கள் பேசிக்கொண்டதில் மீதி தெரிந்தது. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே பஸ் ஸ்டாண்டில் பையன் போய்விட்டான். வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை. தெரிந்தால் எந்த வண்டியிலும் ஏற்றமாட்டார்கள் என்று அந்த அம்மா தூங்கினார்.

பெயர் செல்லி. வாரத்தில் இரண்டு நாள் கொத்தமல்லிக் கூடையோடு இன்னமும் என் வண்டியில்தான் வருகிறார். டிக்கெட் கொடுப்பேன். வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றிலிருந்து மடியில் இருக்கும் பிள்ளைக்கு நான் வயசு கேட்பதில்லை. "சென்னப்பன் வண்டியில ஏறுனா மீசை மொளச்சவன்கூட கைக்கொழந்தை" என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இதை உங்கம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. பக்ருதீன் பாய் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியாது. படித்ததும் அழித்துவிடு.

அப்பா

*

எடின்பரோ
9.7.2025

அப்பா,

இரண்டு நாள் எதுவும் எழுத வரவில்லை. நான் கோபத்தில் கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று நினைக்கவில்லை.

சிலது மட்டும் சொல்லுங்கள். அன்று மழையா வெயிலா? அந்த அம்மாவின் சேலை என்ன நிறம்? சிரித்த நாலு பேர் ஆண்களா, பெண்களா? விசில் எப்படிப்பட்டது, பித்தளையா பிளாஸ்டிக்கா? மூணாம் மைலில் இறங்கினால் என்ன தெரியும், வயலா, வீடா? பையனைக் கொடுத்தபோது அந்த அம்மா ஏதாவது சொன்னாரா? விசில் ஊதிய பிறகு நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா?

சீக்கிரம் எழுதுங்கள். முடிந்தால் இந்த வாரத்துக்குள்.

பிரியா

*

மாரண்டஹள்ளி
11.7.2025

பிரியாவுக்கு,

வெயில். பச்சைச் சேலை. மூணு ஆண், ஒரு பொம்பளை. பித்தளை விசில். இறங்கினால் தக்காளித் தோட்டம், ஒரு மண் பாதை. ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

கோர்ட்டில் சாட்சி சொன்ன மாதிரி இருக்கிறது. இனி என் முறை.

நாலு வருஷமாக நீ என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. சாப்பிட்டீங்களா என்பதையே உங்கம்மா வழியாகத்தான் கேட்பாய். திடீரென்று விசில் பித்தளையா என்கிறாய். எழுத்து உன்னுடையது, கேள்வி உன்னுடையது இல்லை. வேறு யாருக்கோ பதில் தேவைப்படுகிறது. யாருக்கு?

உங்கம்மாவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். "பொண்ணு பேசலைன்னாலும் சந்தேகம், பேசுனாலும் சந்தேகமா? உங்கள அந்த சிவப்புக் கோட்டுக்கிட்ட நிறுத்தி மூளைய அளக்கணும்" என்றாள். அவள் அப்படித்தான். ஆனால் எனக்கு மூன்று விதமாகத் தோன்றுகிறது. ஒன்று, யாரோ ஒரு பையன், உன் குடும்பம் எப்படிப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறான். இரண்டு, விசாக்காரர்கள் ஏதோ விசாரிக்கிறார்கள். மூன்றாவதை எழுத மனசு வரவில்லை. 'இந்த வாரத்துக்குள்' என்று எழுதியிருக்கிறாயே. பதினெட்டு வருஷத்துக் கதைக்கு இந்த வாரத்துக்குள் என்ன அவசரம்? கெடு வைத்தவன் யார்?

முந்தின கடிதத்தை அழித்துவிட்டாயா? அதற்கு நீ பதில் சொல்லவே இல்லை.

அப்பா

*

எடின்பரோ
16.7.2025

அப்பாவுக்கு,

பையனும் இல்லை, விசாவும் இல்லை. உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் ஆசைப்படக் கூடாதா? ஆசைப்பட்டால் அதற்கும் ஒரு ரசீது வேண்டுமா?

நல்ல சேதி ஒன்று. நான் எழுதிக் கொடுத்ததை ஹெலன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஆகஸ்ட் முதல் தேதி கடைசி நாள் விழா. மேடையில் படிக்க மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதில் நான் ஒருத்தி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், போட்டோவும் அனுப்பினேன். அம்மா அழுதுவிட்டார்.

வேலை நிறைய இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

பிரியா

*

மாரண்டஹள்ளி
20.7.2025

பிரியதர்ஷினி,

உங்கம்மா அந்தப் போட்டோவைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, கடைசியாக எனக்குக் காட்டினாள். நீ சிரிக்கிறாய். உனக்குப் பின்னால் சுவரில் ஒரு நோட்டீஸ். நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுற்றிலும் பார்க்கிற ஆள். விரலால் பெரிசாக்கினேன்.

மூன்று வரி இருந்தது. நடுவில் உன் பெயர். அதற்கு மேலே இரண்டே சொல். என் இங்கிலீஷைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு சொல்லும் முப்பது வருஷமாக நான் தினமும் சொல்கிறது. ஹாஃப் டிக்கெட்.

அழித்துவிடு என்று எழுதினேன்.

செல்லியம்மாவின் சின்ன மகள் தருமபுரியில் காலேஜ் போகிறாள், என் வண்டியில்தான். இங்கிலீஷ் பாடம். கையில் போன் இருக்கிறது. எங்கோ கடல் தாண்டிப் படிப்பது இங்கே யாருக்கும் தெரியாது என்று நீ நினைத்திருந்தால், அந்தப் போட்டோ இங்கே வந்து சேர எத்தனை நேரம் ஆனது என்று யோசித்துப் பார்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது, யார் பெயர் இருக்கிறது என்று எழுது. இந்தத் தடவை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்.

சென்னப்பன்

*

எடின்பரோ
21.7.2025

அப்பா,

நீங்கள் எழுதாமல் விட்ட மூன்றாவது சந்தேகம்தான் சரி.

உங்கள் கடிதத்தை வரிக்கு வரி இங்கிலீஷில் மாற்றி, என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திருட வேண்டும் என்று உட்காரவில்லை. கைவசம் எதுவும் இல்லை, கெடு மறுநாள், உங்கள் கடிதம் போனில் திறந்திருந்தது. பழக்கத்துக்காக ஒரு பத்தியை மொழிபெயர்த்துப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை. திருத்திக் கொடுக்கச் சொன்னபோதுதான் உங்களிடம் சேலை நிறம் கேட்டேன்.

சொந்தமாக நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. கடைசியில் கண்டக்டர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார் என்று. ஹெலன் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டார். "இந்த ஆள் அப்படிச் செய்யமாட்டார்" என்றார். பிறகு, "அந்த விசிலை நீ எப்படிக் கற்பனை செய்தாய்?" என்று கேட்டார். தானாக வந்தது என்று சொன்னேன். அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

செல்லி என்ற பெயர் இருக்கிறது. மூணாம் மைல் இருக்கிறது. மாரண்டஹள்ளியும் இருக்கிறது. அந்தப் பெயர்களின் சத்தம் ஹெலனுக்குப் பிடித்திருந்தது. பையனுக்குப் பெயர் இல்லை, 'பையன்' என்றுதான். ஆறு வயசு என்று போட்டேன். 29-ம் தேதி இது சின்னப் புத்தகமாக அச்சாகிறது. அவர்கள் இணையத்திலும் போடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் இங்கே முழுப் படிப்பும் இலவசமாகப் படிக்க எங்களில் ஒருவரைச் சிபாரிசு செய்வார்கள். என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா, செல்லி என்ற பெயரை இன்றே மாற்றிவிடுகிறேன். ஊர்ப் பெயரையும் எடுத்துவிடுகிறேன். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கேட்பதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

பிரியா

*

மாரண்டஹள்ளி
25.7.2025

பிரியாவுக்கு,

சும்மா இருக்க முயற்சி செய்தேன். இரண்டு நாள் இருந்தேன். உன் அடுத்த வருஷத்தை நினைத்தேன். நான் எழுதியது ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதே என்று நடுவில் கொஞ்சம் பெருமைகூட வந்தது, அதையும் மறைக்கவில்லை. பத்தாவதில் தமிழில் அறுபத்தொன்று வாங்கினவன்.

நேற்று வியாழக்கிழமை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வண்டி எடுக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பக்ருதீன் பாய் டீ குடிக்கப் போயிருந்தார். செல்லியம்மா காலிக் கூடையோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் போய் டிக்கெட் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றேன்.

"ஒண்ணு கேக்கணுங்க."

"டிக்கெட்டு எடுத்துட்டனே."

"டிக்கெட் இல்லீங்க. அந்தப் பையன்…"

கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் வாய் வந்துச்சா உனக்கு?" என்றார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் 'அரை குடுத்துருங்க' என்று மரியாதையாகக் கேட்டவர். 'உனக்கு' என்றது சரியாகத்தான் பட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குக் கடிதம் எழுதியது, நீ அதை உன் பெயரில் கொடுத்தது, புத்தகமாக வரப்போவது.

"விசிலு ஊதுனியே, அதையும் எழுதுனியா?"

"எழுதினேங்க."

"யாரு பேர்ல வருது?"

"எம்பொண்ணு பேர்ல."

"அவளா ஊதுனா?"

அவர்தான் மேலே பேசினார். "எம் பேர எடுத்துடச் சொல்லு. எஞ்சின்னவளுக்கு அண்ணன் காய்ச்சல்ல போனான்னு தெரியும், பஸ்ஸுல வந்தது தெரியாது. தெரியவும் வேணாம். ஊதுனவன் நீ, உம் பேரப் போடு. எம்புள்ளைக்கு என்ன பேரு வெச்சிருக்கா உம்பொண்ணு?"

"பையன்னு போட்டிருக்குதுங்க."

"பையனா? அவன் பேரு முனிராஜு. அதப் போடு. முனிராஜுன்னு ஊருக்கு நாலு பேரு இருக்கான், எவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சாப் போதும்." அப்புறம், "வயசு என்னான்னு போட்டிருக்குது?" என்றார்.

"ஆறுன்னு."

"நாலு. அவங்கப்பன் மாதிரி காலு நீட்டம்."

பிரியா, நாலு வயசுக்கு டிக்கெட்டே கிடையாது. அரையும் இல்லை, ஒன்றும் இல்லை. கழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன் நான். அன்றைக்கு உனக்கும் நாலு.

மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் பக்ருதீன் பாய் ஏறி ஹாரன் அடித்துவிட்டார். உங்கள் ஹெலன் சொன்னது சரிதான், இந்த ஆள் ஓடிப்போய்க் கேட்கிற ஆள் இல்லை.

செல்லியம்மா சொன்ன மூன்றையும் அப்படியே செய். அவர் பெயர் வேண்டாம், நீ சொன்ன மாதிரி ஊரும் வேண்டாம். முனிராஜ், நாலு வயசு. எழுதினது சென்னப்பன். எனக்கும் பயமாக இருக்கிறது. இங்கே யாராவது படித்துவிட்டு வண்டியில் ஏறி என் முகத்தைப் பார்த்தால் நான் எங்கே பார்ப்பது? ஆனாலும் போடு. என் பெயரைப் போடுவதென்றால் உன் ஆசிரியையிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அடுத்த வருஷம் போய்விடும், எனக்குத் தெரியும். உன்னால் முடியாது என்றால் அந்தக் காகிதத்தையே திருப்பி வாங்கிவிடு. இரண்டில் ஒன்று. சும்மா இருப்பது இல்லை.

அப்பா

*

எடின்பரோ
2.8.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க நடந்தேன். கோட்டைச் சரிவில் மழையில் உட்கார்ந்திருந்தேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு உங்களிடம் 'செய்துவிட்டேன்' என்று பொய் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். எழுதியிருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள்.

திங்கட்கிழமை ஹெலன் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "மற்ற தாள்களில் எது உன்னுடையது?" என்று கேட்டார். ஐந்து வாரம் நான் எழுதிய எல்லாவற்றையும் வாங்கி, இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்தார்கள். இரண்டு நாள் வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள். சென்னப்பன் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா என்றுகூட ஒருவர் கேட்டார். உங்கள் கையெழுத்துக் கடிதங்களைக் காட்டினேன். தெரசா மட்டும்தான் அந்த நாட்களில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

முடிவு இது. அந்தத் தாளுக்கு மதிப்பெண் இல்லை. சான்றிதழில் 'வந்திருந்தார்' என்று மட்டும் இருக்கும். சிபாரிசு வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. என் காலேஜுக்குக் கடிதம் எழுதுவார்கள்.

ஆனால் அந்தக் கதையைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. எழுதியவர் அனுமதித்தால் வரட்டும் என்றார் ஹெலன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துச் சொன்னேன். செல்லியம்மா பெயரும் ஊரும் இல்லாமல் அச்சாகியிருக்கிறது. 'சென்னப்பன், பஸ் கண்டக்டர். தமிழிலிருந்து பிரியதர்ஷினி.' என் பெயர் சின்ன எழுத்தில்.

உங்கள் பெயரைச் சொல்லிப் படிப்பதென்றால் படிக்கலாம் என்றார்கள், நேற்று மேடையில் படித்தேன். முனிராஜ் என்ற பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். பிறகு ஒரு பெரியவர் வந்து, "அந்தக் கண்டக்டர் இன்னும் வேலை செய்கிறாரா?" என்றார். "காலை ஆறு பத்துக்கு முதல் டிரிப்" என்றேன்.

ஐந்தாம் தேதி காலை பெங்களூருவில் இறங்குகிறேன். இதெல்லாம் உண்மையா என்று நீங்கள் அந்த ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிக்கலாம். நான் கோபப்படமாட்டேன்.

பிரியா

*

மாரண்டஹள்ளி
3.8.2025

பிரியாவுக்கு,

போன் போடவில்லை. உன் கடிதத்தை நாலு தடவை படித்தும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று உங்கம்மாவுக்குச் சந்தேகம்.

காலேஜிலிருந்து கூப்பிட்டால் நானும் வருகிறேன். திட்டு வாங்குவதில் எனக்கு அனுபவம் அதிகம், நீ பின்னால் நின்றுகொள். அடுத்த வருஷம் போனது எனக்கும் வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

இன்று காலை செல்லியம்மா வண்டியில் வந்தார். சொன்ன மாதிரியே அச்சாகிவிட்டது என்றேன். "அந்தக் காயிதம் எனக்கு வேணும்" என்றார். "இங்கிலீசுல இருக்குதுங்களே" என்றேன். "தமிழ்ல இருந்தா மட்டும் நான் படிச்சுக் கிழிச்சுருவனா? உம்பொண்ண வரச் சொல்லு. எது அவன் பேருன்னு வெரலு வெச்சுக் காட்டட்டும்."

எந்த நாள் வருவது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றார். அதற்குள் மூணாம் மைல் வந்துவிட்டது, கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் போகிறோம். ஆனால் அவர் வீடு எது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டாப்பில் நான் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. இறங்கி, விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அப்பா